அப்பாவுக்கு எதிராக வழக்காடிய அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், சென்ற ஆண்டு இதே மாசி மாதத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் வெயிலில் நின்றவர்கள். அன்று உங்களிடம் பேச எனக்கு வாய் எழவில்லை. அண்ணனைப் பற்றி எழுத வேண்டியவர் அப்பாதான். “என்னால முடியாது மக்கா. நீ எழுது. ஒண்ணையும் மறைக்காண்டாம்” என்று சொல்லிவிட்டார். ஆகவே, உடன்பிறந்த ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அஞ்சுகிராமத்தில். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். என்னைப் பெற்ற சில நாட்களிலேயே அம்மா காலமானார். எனக்குத் தலைவாரிவிட்டதும், கைபிடித்து எழுதப் பழக்கியதும் அண்ணனே. திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, அங்கேயே சட்டப் பேராசிரியராகவும் ஆனார். சொத்துரிமைச் சட்டம் நடத்தினார். இடமில்லாமல் மாணவர்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி மகிழ்வார்.

ஊருக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. எங்கள் வயலில் வேலை செய்த ஏழு குடும்பத்தார் அதில் இரண்டு தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். தோப்பை விற்க நினைத்த அப்பா அவர்களைக் காலி செய்யச் சொன்னார். அவர்கள் மறுக்கவே வழக்குத் தொடுத்தார். அவர்களில் மாடத்தி என்னும் பெண்மணி திருவனந்தபுரம் வரை நடந்தே சென்று அண்ணனைக் கண்டார்.

“வக்கீலு ஒருத்தரும் எங்களுக்காவ வரமாட்டேங்காவ. நீங்க வருவியளா?”

அண்ணன் வந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு, நாகர்கோவில் கோர்ட்டில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அப்பாவின் வக்கீல் அண்ணனிடம் படித்தவர். வகுப்பில் அண்ணன் சொல்லித் தந்த விதிகளையே எடுத்துக்காட்டி அவர் வென்றார். குடிசைகள் பிரிக்கப்பட்ட அன்று, அண்ணன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாடத்தியின் பானை சட்டிகளைச் சுமந்தார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

“சட்டப்படிதாம்லே செஞ்சேன். நீ படிப்பிச்ச சட்டந்தானே இது?”

“ஆமாப்பா. இனி என்னால அதப் படிப்பிக்க முடியாது.”

“அப்போ எனக்க வீட்டுக்கும் வராண்டாம்.”

அந்த மாதமே அண்ணன் வேலையை விட்டார். சமதர்மம் பேசியவர்களோடு சேர்ந்தார். கடியப்பட்டணத்து மீனவர்களிடமும் உப்பளத் தொழிலாளர்களிடமும் சென்று சங்கம் அமைத்தார். மணலில் அமர்ந்திருப்போருக்கு, கல்லூரி மாணவர்களுக்கு விளக்குவது போலவே பொறுமையாகச் சட்டத்தை விளக்குவார். எந்த வரி அவர்களுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுவார். சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். நிலவரி செலுத்துவோருக்கே வாக்கு என்பது அன்றைய விதி. அவர் தோற்றதற்காக அழுதவர்களில் ஒருவருக்கும் வாக்கில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சமஸ்தானத்துக்கு எதிராகப் பேசினார் என்று அண்ணனைச் சிறையில் அடைத்ததும், எனக்கு நிச்சயித்திருந்த திருமணத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டார்கள். “உங்களால்தான் நான் இப்படி நிற்கிறேன். இனி எனக்கு அண்ணன் இல்லை” என்று சிறைக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பிறகு சிறையிலிருந்து வேறொருவர் கடிதம் எழுதியிருந்தார். அண்ணனுக்குக் காசம் முற்றிவிட்டது என்றும், விடுவிக்கப்போகிறார்கள் என்றும் அதில் இருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். சிறைவாசலில் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான் என்று வண்டிக்காரர் பின்னர் என்னிடம் கூறினார்: “ஏறு மக்கா, வீட்டுக்குப் போலாம்.”

பத்தொன்பது நாட்கள் அண்ணன் எங்களோடு இருந்தார். கஞ்சியை ஆற்றி ஊட்டுவதை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் நான் காலருகே அமர்ந்து அந்தக் கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தக் கடுதாசியா? ரெண்டு எழுத்துப் பிழை கெடந்துது பிள்ளே” என்றார் அண்ணன். சிரிக்க முயன்றபோது இருமல் வந்தது. நான் அழுதேன்.

விலைபோகாமல் கிடந்த தோப்பைப் பற்றி அப்பா மெல்லக் கேட்டார்.

“அவியளத் திரும்ப வரச் சொல்லட்டா?”

“எங்கிட்ட கேக்காதீங்கப்பா. அவியகிட்ட போய்க் கேளுங்க.”

மறுநாள் காலையில் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு தனியே போனார். திரும்பி வருவதற்குள் அண்ணனின் மூச்சு அடங்கிவிட்டது.

எங்கள் தெருவுக்குள் கால்வைக்க அனுமதிக்கப்படாதவர்கள் அன்று முற்றம் நிறைய நின்றார்கள். உறவினர் சிலர் தடுத்தபோது அப்பா, “அவனத் தூக்க வேண்டியது அவியதான். இஷ்டமில்லாதவங்க போலாம்” என்றார். சிலர் போய்விட்டார்கள். ஏழு குடும்பத்து ஆண்களும் கடியப்பட்டணத்து மீனவர்களும் தோள்மாற்றிச் சுமந்தார்கள்.

கட்டணம் வாங்க மறுத்த வைத்தியருக்கும், வண்டிக்காரருக்கும், அண்ணனுக்காகக் கடிதம் எழுதிய சிறைத் தோழருக்கும், சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று விலகிப்போன உறவினர்களுக்கும் இந்த மலரை அனுப்புகிறோம்.

மூன்று குடும்பங்கள் தோப்புக்குத் திரும்பியிருக்கின்றன. மாடத்தி அம்மாள் வரவில்லை. அப்பா இரண்டு முறை போய் அழைத்தார். “அந்த மண்ணுல வந்து நிக்க எனக்கு மனசில்ல” என்று சொல்லிவிட்டார். அது நியாயம் என்று அப்பா எங்களிடம் சொன்னார். அண்ணன் உயிரோடிருந்தபோதே அவர் காதில் விழுந்திருக்க வேண்டிய சொல் அது.