அப்பா போட்ட பத்து மார்க்

எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. நான் எதைச் செய்தாலும் அப்பா நன்றாக இருக்கிறது என்றே சொல்வார். உப்பே போடாத உப்புமாவுக்கும் அதே சொல்தான். சாதாரண நாளில் அது சுகமாகத்தான் இருந்தது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தபோதுதான் பேஜாராகிவிட்டது.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். அவர்களுக்குக் கேன்டீன் கிடையாது. அம்மாவும் வேலைக்குப் போவதால் விடியும் முன்பே சோறு ஆக்கிவிடுவாள். மதியம் அப்பா திறக்கும்போது அது சில்லிட்டுப் போயிருக்கும். சோற்றைச் சூடாக வைத்திருக்கும் டப்பா செய்வதுதான் என் திட்டம். மூன்று பழைய பெயின்ட் டப்பாக்களில் ஒன்றில் உமி, ஒன்றில் பழந்துணி, ஒன்றில் தெர்மாகோல் அடைத்து, நடுவில் டிபன் பாக்ஸுக்கு இடம் விட்டேன். தெர்மாகோல் டப்பாவுக்கு மட்டும் வெளியே தங்கநிறக் காகிதம் ஒட்டினேன். என் மனசு அதில்தான் இருந்தது.

மூன்றில் எது சிறந்தது என்று காரணத்தோடு சொன்னால்தான் திருவள்ளூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவேன் என்று அறிவியல் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் பக்கத்து வகுப்பு செய்த எரிமலை போய்விடும். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

தினம் ஒரு டப்பாவை அப்பாவிடம் கொடுத்தனுப்பி, சூட்டுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று சாயங்காலம் கேட்பேன். மதியம் வரை மூடியைத் திறக்கவே கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. அப்பா உமிக்குப் பத்து போட்டார். துணிக்கும் பத்து, தெர்மாகோலுக்கும் பத்து. மறு சுற்றிலும் அதே கதை. டீச்சர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, இதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், டிபன் பாக்ஸ் அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. நான் உள்ளே வைத்துவிட்டேன் என்று அம்மாவும், அம்மா வைத்துவிட்டாள் என்று நானும் நினைத்திருக்கிறோம். என் உத்தரவுக்குப் பயந்து யாரும் திறந்து பார்க்கவில்லை. வெறும் டப்பாதான் கம்பெனிக்குப் போயிருக்கிறது.

அப்பா வந்ததும் ஒன்றும் தெரியாதவள்போல மார்க் கேட்டேன்.

"பத்து. இன்னா சூடுன்ற, கை வைக்க முடியல பாப்பா."

நான் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அப்பா அசடு வழியச் சிரித்தார்.

"அம்மாண்ட சொல்லிடாத, இன்னா?"

அந்த ஆறிப்போன புளிச்சோற்றை நின்றபடியே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போட்ட பத்துகளையெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து அடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நடந்ததைக் கேட்ட டீச்சர் பள்ளியின் தெர்மாமீட்டரைக் கொடுத்தார். விடுமுறை நாளில், ஒரே பானைச் சோற்றை மூன்று டப்பாவிலும் ஒரே நேரத்தில் வைத்து மூடி, மதியம் திறந்து அளந்தேன். நம்ப மனம் வராமல் மறுநாளும் அளந்தேன். உமிதான் ஜெயித்தது. நான் உடைத்துப் போட்ட தெர்மாகோல் துண்டுகளுக்கு நடுவே சந்து இருந்தது, உமி சந்தில்லாமல் நிறைந்திருந்தது. தங்கக் காகிதத்தை உரித்து உமி டப்பாவுக்கு ஒட்டிவிட்டேன்.

திருவள்ளூரில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், நம்மேல் பிரியமுள்ளவர்கள் போடும் மார்க்கை ஏன் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விளக்கி, காலி டப்பாவுக்கு அப்பா பத்து போட்ட கதையையும் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் பின்னால் நின்றிருந்த அப்பா இன்னும் சத்தமாகச் சிரித்தார். டப்பா காலியாகப் போன அன்று மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.