செல்லாயி அக்கா விட்டுப்போன சொல்

நம் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்துச் செல்லாயி அக்கா போய்விட்டார். நோட்டன் பிரிட்ஜில் மகள் வீட்டில் இருந்தவர். சேதி கொண்டுவந்தவர் கடைக்காரக் காதர் நானா. லொறியை வாசலில் நிறுத்தி, இறங்காமலே, "தங்கச்சி, செல்லாயம்மா மௌத்தாயிட்டாங்க. ஏறுங்க, போவோம்" என்றார். மாரியம்மன் விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினேன்.

வழியெல்லாம் ஒரு சொல்தான் மனதில் ஓடியது. சோறு வேகாமல் நடுவில் அரிசியாக நின்றால் நம் லயத்து வீடுகளில் 'பெரட்டுச் சோறு' என்கிறோம். போன வாரம்கூடத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருத்தி, "எம் மருமக வடிக்கிறது எல்லாம் பெரட்டுச் சோறுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சொல் எந்த மருமகளையும் ஏசப் பிறந்ததல்ல; அக்கா வாயில் பிறந்தது. அக்காவை அறிந்தவர்களாவது இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்போதெல்லாம் வேலைக்குக் கூப்பிட இருட்டோடு தப்புப் பறையை அடித்துவிடுவார்கள். அடித்ததும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும். பங்கீட்டு அரிசியோ கல் மாதிரி. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு விறகோ பனியில் நனைந்து புகையும். தப்புச் சத்தம் கேட்டால் வெந்ததோ வேகவில்லையோ, எல்லோரும் பானையை இறக்கி வடித்துவிடுவோம். அதைத் தின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும்.

என் சின்னவனுக்கும் அப்படித்தான். நான் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வயிற்றில் விபூதி பூசினேன். பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்து பார்த்த அக்கா சொன்னார்: "பூசு, வேணாங்கல. ஆத்தா வலிய நிப்பாட்டுவா. அரிசியையும் அவளே வந்து வேக வைப்பாளா?" எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அம்மன்தான் அவர் வாயில் வந்து பேசினாள் என்று இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் அக்கா சோற்றுப் பானையைத் தலையில் வைத்தபடியே பெரட்டுக்களத்துக்கு வந்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் காலடியில் இறக்கினார்.

"என்ன இது?"

"பெரட்டுச் சோறுங்க. நீங்க தப்பு அடிச்சப்ப இறக்குனது. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"அரைவேக்காடு எனக்கு எதுக்கு?"

"எங்க புள்ளைங்களுக்கு மட்டும் எதுக்குங்க?"

பெண்கள் சிரித்துவிட்டோம். அவர் முகம் சிவந்தது. "நாளைக்குப் பிந்தி வந்தா அரைப் பேருதான்!" என்றார். பாதி நாள் கூலி என்று பொருள்.

"அரைப் பேரு போடுங்க. அரைச் சோறு நாங்க போட மாட்டோம்."

சொன்னபடியே மறுநாள் தப்பு அடித்தும் ஒரு பானையும் இறங்கவில்லை. சோறு வெந்த பிறகு, எல்லோரும் ஒன்றாகவே மலை ஏறினோம். எல்லோருக்கும் அரைப் பேர். அதற்கடுத்த நாளும் அப்படியே. "வீட்டுல அரிசி குறையுதே அக்கா" என்று அழுதவளுக்குத் தன் பானையிலிருந்து அள்ளிக் கொடுத்தார். நேரத்துக்குப் பறிக்காத கொழுந்து முற்றத் தொடங்கியதும் கண்டாக்கு ஐயா இறங்கி வந்தார். அன்றிலிருந்து நம் தோட்டத்தில் தப்பு இரண்டு முறை: முதலாவது உலை வைக்க, அடுத்தது பெரட்டுக்கு.

கருமாதிக்கும் நானாவின் லொறியில்தான் போனேன். அன்று நோட்டனில் நல்ல மழை. விறகு பிடிக்கவில்லை. படையல் சோறு அடுப்பில் இருக்கும்போதே காதர் நானா ஹோன் அடித்தார். "மூடுபனி எறங்குது, சீக்கிரம் வாங்க!"

"இறக்கிடுங்க சித்தி, படையலுக்குத்தானே" என்றாள் அக்காவின் மகள்.

நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "ஒங்க அம்மாவுக்கா பெரட்டுச் சோறு படைக்கச் சொல்ற? நானாவக் காத்திருக்கச் சொல்லு."

ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். நடுவில் அரிசி இருந்தது. மறுபடியும் ஊதினேன். பருக்கை மெழுகாய் நசுங்கிய பிறகுதான் பானையை இறக்க விட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம்தான். அது என்னோடு இருக்கட்டும், மாரித் தாயே.