காரக்கோணத்தில் அடி போட்ட ஷூ

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குப் பாறசாலையில் களியக்காவிளை பஸ் ஏறினேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள், அடி வாய் பிளந்த என் பழைய ஷூ. தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. மூன்று வருடமாகத் தினமும் விடிகாலையில் அதைப் போட்டுக்கொண்டு உதியன்குளங்கரை வரை ஓடித் திரும்பியிருக்கிறேன். அதற்கு ஈடாக, என் கைக்கு எட்டும் விலையில் இன்னொன்று வேண்டும். அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும்.

ஏன் ஐந்து மணி? ஓணத்துக்கு எங்கள் ஊர் கிளப் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, பத்து கிலோமீட்டர், ஓட்டப்பந்தயம் நடத்துகிறது. பெயர் கொடுக்கப் போனேன். செக்ரட்டரி சுகுமாரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெண்ணுங்களுக்கு ஸ்பூன் ரேஸ் உண்டு, நாற்காலிப் போட்டி உண்டு. தையல்கடை வச்சிருக்க நீங்க, முப்பத்திமூணு வயசுல ரோட்டுல ஓடணுமா கிரேஸி?"

"ஓடணும் சார்."

மறுநாள் நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு வரி முளைத்தது. ஷூ இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. பெயர் கொடுக்கக் கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து. என் ஷூ போன கதை அவருக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும்.

அதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமென்ன. வீட்டுக்குப் பின்னால் நாற்பது ரப்பர் மரம் நிற்கிறது. ஷூவின் அடியும் ரப்பர்தானே, பசைக்கு எதற்குக் காசு? அன்று வடித்த ரப்பர் பாலில் ஆசிட் விட்டு, பிளவில் தடவி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். ஜோராக ஒட்டியது. மூன்றாம் நாள் வெயில் ஏறிய தார்ரோட்டில் அது இளக, வாழைச்சருகும் தீக்குச்சியும் கோழியிறகும் அப்பிக்கொண்ட காலோடு டீக்கடையைத் தாண்டினேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஷூ பிளந்திருந்தாலும் முதலில் பாலைத்தான் ஊற்றியிருப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் அதே ஷூ 1,650 ரூபாய். அறுபது ஜாக்கெட் தைத்தால்தான் அந்தப் பணம் சேரும். வெறுங்காலில் ஓட விட்டாலும் வலது முட்டி விடாது. அடியில் மெத்தை இல்லாவிட்டால் மூன்றாவது கிலோமீட்டரில் உட்கார வைத்துவிடும்.

ஏழரைக்குக் களியக்காவிளை. சந்தைக்கு எதிரே இருந்த கடையில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ 85 ரூபாய். "மகனுக்கா?" என்றார் கடைக்காரர். "எனக்காக்கும்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு அளவு எடுத்தார். மேல்துணி நல்ல கெட்டி. அடியோ அப்பளம். வைத்துவிட்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

மார்த்தாண்டத்தில் எட்டுக் கடை ஏறி இறங்கினேன். எட்டாவது கடையில் என் பழைய ஷூவின் இரட்டைப் பிறவி! 340 ரூபாய்.

"அச்சு அசல் அதேயாக்கும் அக்கா. பக்கத்துல உள்ள கோட்ட எண்ணிப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

கோட்டை எண்ணவில்லை. மடக்கினேன். படக்கென்றது. உள்ளே அட்டை. "மழைக்குத் தாங்குமா?"

"மழையில ஆரு அக்கா ஓடுவா?"

"நான் ஓடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அட்டைக்கு 340 கொடுக்க எனக்கென்ன கிறுக்கா?

பத்தே முக்காலுக்குத் திரும்பும் பஸ்ஸில் மனசு சோர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வந்தது, யாரிடம் மறைக்க? பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். அவர் காலில் தடித்த கறுப்பு அடி வைத்த செருப்பு. கேட்டேன்.

"சுகர் மக்கா. காலுல உணர்வு இல்ல. டாக்டர் சொன்ன செருப்பாக்கும். ஆஸ்பத்திரிக்க முக்குல மணியன்னு ஒருத்தன் செய்வான். அமுக்கிப் பாரு, சும்மா அமுக்கு" என்று காலை நீட்டினார்.

பெருவிரலால் அமுக்கினேன். உள்ளே போனது, எடுத்ததும் பொங்கி வந்தது. களியக்காவிளையில் குதித்து இறங்கி அந்த 85 ரூபாய்க் கேன்வாஸை வாங்கினேன். பாறசாலை போய், வெள்ளறடை பஸ் பிடித்து, ஒரு மணிக்குக் காரக்கோணத்தில் நின்றேன்.

மணியனுக்கு நாற்பது வயது இருக்கும். வாயில் ஆணி, கையில் சுத்தியல். சுகர்காரர்களின் செருப்புக்கு வைக்கும் அந்த மெத்து ஷீட்டை இதன் அடியில் வைக்கச் சொன்னேன். கேன்வாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்னத்துக்கு இந்த ஷீட்டு? சுகர் உண்டா?"

"இல்ல, ஓட்டம் உண்டு."

ஆணியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். ஷீட் முப்பது, கூலி இருபது. குதிகாலுக்கு இரட்டை அடுக்கு போடச் சொன்னேன். ஓரத்தைப் பசையோடு விடாமல் சுற்றித் தைக்கச் சொன்னேன். "எனக்கே தையல் சொல்லித் தாறியளா?" என்று முறைத்தார். "நானும் தையல்காரியாக்கும் அண்ணே" என்றேன். அதன்பிறகு இரட்டைத் தையல் விழுந்தது. பசை இறுக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

நாலு மணிக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. அடுத்தது ஐந்தேகாலுக்கு என்றார்கள். பாறசாலை ஏழு கிலோமீட்டர். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். பழைய ஷூவை மணியனிடமே விட்டுவிட்டு ஓடினேன். முதல் ஏற்றத்திலேயே மழை பிடித்தது. தையல் விடவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் முட்டியிடம் கேட்டேன். வலி இல்லை என்றது. "எலே, அந்த அக்கா ஓடுது பாரு!" என்று ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சத்தம் வந்தது. ஓடுகிறேன், நன்றாகப் பாருங்கள்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்க, கிளப் படியில் சேறு படிந்த காலைத் தூக்கி வைத்தேன். சுகுமாரன் சார் குனிந்து பார்த்தார்.

"இது ஷூவா?"

"கேன்வாஸ் களியக்காவிளை, அடி காரக்கோணம். மொத்தம் 135 ரூவா. பேரெழுதுங்க சார்."

எழுதினார். அப்போதுதான் கவனித்தேன். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த கிளப் வாலிபர்கள் பதினொரு பேரும் கேரம் போர்டை விட்டு எழுந்து வந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேருக்கும் வெறுங்கால். வருடா வருடம் அப்படித்தான் ஓடுகிறார்கள். எனக்காகப் போட்ட சட்டத்தில் தாங்களும் மாட்டியிருப்பது அவர்களுக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது.

"அக்கா, அந்த மணியன் கட எத்தற மணி வரைக்கும் உண்டு?" என்றான் ஒருவன்.

சார் அவசரமாகப் பேனாவை எடுத்தார். "ஷூ நிர்பந்தமில்லன்னு மாத்தி எழுதிரலாம்."

"அது முடியாது சார்" என்றேன். "எழுதினது எழுதினதாக்கும். மணி இன்னும் அஞ்சு ஆகல்ல, இவங்களும் ஷூ கொண்டுவரட்டும்."