தைச்சாச்சு

எஸ்தர் இன்று காலை போய்விட்டாள்...

இமயமலைப் பக்கம் ரயில் டன்னல் சைட்டில் என்னோடு வேலை பார்த்த இன்ஜினியர். அவள் ஆம்பூர், நான் வாலாஜாபேட்டை. அங்கே தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர்தான். அவள் என்னை "வாலாஜா" என்பாள், நான் அவளை "ஆம்பூர்" என்பேன். சொந்தப் பெயரெல்லாம் பே ஸ்லிப்பில் மட்டும்தான்.

கொஞ்ச நாளாகவே அவளுக்கு உடம்பு முடியவில்லை. போன வாரம் போனில்கூட என் தொப்பையைக் கலாய்த்தாள்.

அந்த மலை முழுக்க விரிசல். வெடி வைத்துக் கொஞ்சம் முன்னேறியதும் கூரையில் ஆழமாகத் துளை போட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சிமென்ட் கூழ் நிரப்பி, வெளியே தகடு வைத்து நட்டை முறுக்க வேண்டும். ராக் போல்ட். அதுதான் எஸ்தரின் டிபார்ட்மென்ட்.

ஒரு கிறிஸ்துமஸ் லீவில் அவள் அப்பா, திரும்ப அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன்காரர். எங்கோ சுரங்கம் இடிந்ததை டிவியில் பார்த்திருக்கிறார். சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டாள். நான் போய் பிரியாணி சாப்பிட்டதுதான் மிச்சம்.

"ஆணி அடிச்சா மலை நின்னுடுமா? இன்னா தம்பி, நீயாவது சொல்லக் கூடாதா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்தர் உள்ளே போய், வீட்டில் கிடந்த தோல் துண்டுகளை அள்ளி வந்தாள். இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி அடுக்கி, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். துண்டுகள் வழுக்கித் தொங்கி, தண்ணீர் முழுக்க என் பேன்ட்டில்.

அதே துண்டுகளை அப்பாவிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தார். மறுபடி சொம்பு வைத்தாள். நின்றது.

"கம்பி மலையத் தூக்கலப்பா. பொளந்த கல்ல ஒண்ணோட ஒண்ணு இறுக்கிப் புடிக்குது. அப்புறம் கல்லே கல்லத் தாங்கிக்கும்."

அவர் குனிந்து சொம்புக்கு அடியில் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"தையல்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் பேஜார் ஆவுறேன்... போய்ட்டு வா."

அதற்கப்புறம் போல்ட் வேலை முடிந்தால் வாக்கி-டாக்கியில் "தைச்சாச்சு" என்றுதான் சொல்வாள். சைட்டில் வேலை பார்த்த ஜார்க்கண்ட் பையன்களும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒரு பெரிய மனிதர், அதற்கு ஃபுல் ஃபார்ம் என்ன என்று கேட்டார். "ஆம்பூர் ஸ்டாண்டர்ட், சார்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மனிதர் பலமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். இதை டைப் பண்ணும்போதும் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

மத்தியானம் ஆம்பூர் போயிருந்தேன். அவள் அப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தம்பி, பாப்பா தைச்ச மலை நல்லா இருக்குதா?"

நல்லா இருக்குது, உள்ளே ரயில் ஓடுது என்றேன்.

"ஒரு கல்லும் வுழலியே?"

"ஒண்ணும் வுழலப்பா."

சரி என்பதுபோல் தலையசைத்தார். கையை மட்டும் விடவில்லை.

போய்ட்டு வா, ஆம்பூர்...