கால்வேக்கு வந்தால் எங்கே சாப்பிடுவது?

இந்த ஊரில் உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு கொடுக்கிறார்கள். தட்டின் நடுவில் மசித்த கிழங்கு ஒரு குவியல், ஓரத்தில் வறுத்த துண்டுகள், அதுவும் போதாதோ என்று தனிக் கிண்ணத்தில் நீளநீளமாக நறுக்கிப் பொரித்த சிப்ஸ். முதல் தடவை, பக்கத்து மேஜைக்காரருடையதையும் சேர்த்து என் முன்னால் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

கால்வேக்கு வரப்போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், என்ன சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவை எடுக்க வரும் வெளியூர்க்காரர்களும் எங்கள் தெருவில் நின்று நல்ல ஓட்டல் எதுவென்று கேட்பார்கள். ஓட்டல் வாசற்படியைக்கூட மிதித்தறியாத என் மாமனார், எந்த ஓட்டலில் சாம்பார் சூடாக இருக்கும், எதில் சட்னி புளிக்கும் என்பது வரை சொல்லியனுப்புவார். அந்தப் பரம்பரைத் தகுதியில் நானும் சொல்கிறேன்.

கால்வே அயர்லாந்தின் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. கடலில் உள்ளதெல்லாம் தட்டுக்கு வரும். சிப்பியை உயிரோடு எலுமிச்சை பிழிந்து விழுங்குவது இங்கே விசேஷம். நீங்கள் வெஜிடேரியன் என்றால் மிகவும் வருத்தப்பட்டு மீன் கொண்டுவருவார்கள். காய்கறி சூப்பில் காய்கறிதான் இருக்கும். அது கோழி வேகவைத்த தண்ணீரில் மிதக்கும். "கோழியே இல்லையே, தண்ணீர் மட்டும்தானே" என்று பரிமாறும் பெண் சமாதானம் சொல்வாள். குறை சொல்ல முடியாத அன்பு.

போன கோடையில் மாமனார் எங்களோடு இருக்க வந்தார். ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியில் யார் சமைத்ததையும் சாப்பிடமாட்டார். இதனால் எனக்குத் தூக்கம் போனது. பாலில் என்ன, ரொட்டியில் என்ன என்று கடையில் நின்று ஒவ்வொரு உறையையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். ஒரு நாள் கணவர் வேலைக்குப் போனபின், மாமனாரையும் நான்கு வயது மகள் நித்யாவையும் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். விடியற்காலையில் குளித்துத் தளிகை பண்ணி, தயிர்சாதத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டேன். கடற்கரையில் உட்கார்ந்ததும் மாமனார் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டார். உடனே சாப்பிட்டாக வேண்டும்.

டப்பாவைத் திறந்தவர், ஊர்ப் பழக்கத்தில் ஒரு பிடி எடுத்துக் கடற்கரைச் சுவரின்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். நான் தடுப்பதற்குள் வாத்துப் பருமனில் ஒரு கடற்பறவை இறங்கியது. அதன் பின்னால் அதன் சுற்றம் முழுவதும். பிடிச்சோறு போன வேகத்தில் டப்பாவும் கவிழ்ந்தது. பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள் என்ற அறிவிப்புப் பலகை எங்கள் தலைக்குமேல்தான் இருந்தது.

மாமனார் கையை உதறிக்கொண்டு, "இந்த ஊர் பித்ருக்கள் ரொம்ப நாளா பட்டினி போலருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நெற்றியில் வியர்வை தெரிந்தது. பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை தாங்குவாரா? மாத்திரையை வீட்டுக்குப் போனபின் போடச் சொல்லியிருக்க வேண்டுமோ? கடற்கரைக்கே வந்திருக்கக் கூடாதோ?

"எதிர்ல சிப்ஸ் கடை இருக்கே. பதறாதேம்மா" என்றார். "தண்ணீல வெந்தாத்தான் பத்து, தீட்டு. எண்ணெய்ல பொரிச்சா அவ்வளவு தோஷமில்லை."

அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நித்யாவோடு உள்ளே போனேன். எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரப் பெண்மணி பெருமையாகச் சொன்னாள்: மாட்டுக் கொழுப்பில்தான்; அதனால்தான் இந்த ருசி. சாஸ்திரப்படி தோஷமில்லாதது அந்தக் கடையில் அது ஒன்றுதான் என்று பார்த்தால், அது இப்படி.

பிறகு அவள் மேஜைக்குமேல் எட்டி நித்யாவைப் பார்த்து, "வழக்கமானதுதானே, கண்ணு?" என்றாள்.

நித்யா, வினிகர் நிறைய என்று இந்த ஊர் இழுப்போடு சொன்னாள். சனிக்கிழமை தோறும் கணவர் குழந்தையைக் காற்று வாங்கவென்று கடற்கரைக்கு அழைத்துவருவார். காற்றைப் பொட்டலம் கட்டி வினிகர் ஊற்றித் தருகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமனாருக்கென்று தோலோடு சுட்ட ஒரு முழுக் கிழங்கும் வெண்ணெயும் வாங்கினேன். அதற்குள் நித்யா தன் பொட்டலத்தைப் பிரித்தபடி வெளியே ஓடிவிட்டாள்.

"பொரிச்சது வாங்கலப்பா. எண்ணெய்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். போர்டுல எழுதியிருக்கே" என்றார். இந்த ஊர்க்காரர்கள் பேசினால் அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. எழுதியதில் ஒரு எழுத்து தப்பாது. நித்யா கையில் இருந்ததையும் அவர் பார்த்திருந்தார். கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நெருப்புல சுட்டதா?"

"மைக்ரோவேவ்லப்பா. கரண்ட்."

கொஞ்சம் யோசித்தார். "கரண்ட்டைப் பத்தி சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலை" என்று தோலை உரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்வை அடங்கியது.

ஆகவே வருகிறவர்களுக்கு என் யோசனை: சுட்ட கிழங்கு. பயமில்லாமல் சாப்பிடலாம்.

பெஞ்சின் ஒரு முனையில் மாமனார், மறுமுனையில் நித்யா, நடுவில் நான். வலப்பக்கம் வெண்ணெய் வாசனை, இடப்பக்கம் வினிகர். எனக்கும் காலையிலிருந்து பசி. நித்யா ஒரு சிப்ஸை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினாள். வாங்கினால் அவர் என்ன நினைப்பார், மறுத்தால் இவள் இனி எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் சாப்பிடுவாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மாமனார் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "வாங்கிக்கோம்மா. குழந்தைக்குக் கை வலிக்கும்."

வாங்கிக்கொண்டேன். வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பஸ் வரும்வரை அது என் உள்ளங்கையில் ஆறிக்கொண்டிருந்தது.