அடி தட்டாமல் ஏறிய வண்டி

முன் சக்கரம் பிக்கப்புக்குள் போய்விட்டது. பின் சக்கரங்கள் இரண்டும் பலகையில் பாதி ஏறி நிற்கின்றன. நடுவில் அந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியின் அடிப்பாகம் பிக்கப்பின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. முன்னால் தள்ளினால் தேய்கிறது, பின்னால் இழுத்தால் சைலன்சர் மாட்டுகிறது. சுற்றிலும் ஒரு கூட்டம், ஆளுக்கொரு யோசனை. வண்டிக்குச் சொந்தக்காரர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கியபடி குவார்ட்டர்ஸ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிக்கப் என்னுடையது. எதைக் கொடுத்தாலும் ஏற்றிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வண்டி ஓட்ட வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து லோடு ஏற்றுவதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இந்த ஒரு லோடைத்தான் சொல்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் சவாரி

என் பெயர் ராமலிங்கம். மந்தாரக்குப்பத்தில் பிக்கப் ஓட்டிப் பிழைத்தவன். முட்டி ஒத்துழைக்காததால் இப்போது ஸ்டியரிங் என் மருமகன் கையில். என் சவாரியில் பெரும்பங்கு ஒரே மாதிரிதான். நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆனவர்களை, குவார்ட்டர்ஸ் காலி செய்ததும், வீட்டுச் சாமானோடு சொந்த ஊரில் கொண்டுபோய் விடுவது. நெய்வேலியில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே இல்லை. எல்லா மாவட்டத்துக்காரரும் வந்து சேர்ந்த ஊர், ஒரு நாள் எல்லாரும் கிளம்பத்தானே வேண்டும்?

டவுன்ஷிப்பில் ஒரு பழக்கம் உண்டு. வீடு காலி செய்கிறவரின் ஷிப்ட்டில் கூட வேலை பார்த்தவர்கள்தான் வந்து சாமான் ஏற்றுவார்கள். கூலிக்கு ஆள் வைத்தால் அந்த ஷிப்ட்டுக்கே அவமானம். டீயும் வடையும் வரும், ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வார்கள், பீரோ ஏறும், கட்டில் ஏறும், கடைசியில் கருவேப்பிலைக் கன்று ஏறும். கன்று ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நான் கயிற்றை இழுத்துக் கட்டுவதிலேயே கவனமாக இருப்பேன். பெரிய ஆண்கள் கண் கலங்குவதை எதிரே நின்று பார்க்கக் கூடாது. அந்த மாலை நேரங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஞானராஜ் சாரின் வண்டி

ஞானராஜ் சார் மைன்ஸில் கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர். ஊர் சாத்தான்குளம் பக்கம். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் மெலிந்துபோயிருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மந்தாரக்குப்பத்து வெல்டிங் பட்டறையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்து, மூன்று சக்கர வண்டியாக மாற்றிக்கொண்டார். காலைத் தூக்கிப் போடாமல் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார வேண்டுமென்று சீட்டை நன்றாகத் தாழ்த்திச் செய்தார்கள். பிரேக், கியர் எல்லாம் கையில். கடையில் விற்கிற சைடு வீல் ஸ்கூட்டர்கள் அவருக்கு உயரம், ஒத்துவரவில்லை.

சீட்டு தாழ்ந்ததால் அடியும் தாழ்ந்தது. ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தால் இடிக்கும். அதனால் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நேராக ஏற மாட்டார். வண்டியை வளைத்து, சக்கரம் சக்கரமாகக் கோணலாக ஏற்றி இறக்குவார். தூரத்தில் ஒரு வண்டி நடனமாடியபடி வந்தால் அது ஞானராஜ் சார் என்று டவுன்ஷிப் முழுக்கத் தெரியும். டியூட்டி, மார்க்கெட், கோயில் எல்லாம் அதில்தான். அது இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குள் நாற்காலியோடு முடங்க வேண்டியதுதான். ரிட்டயர் ஆகித் திரும்பும்போது சொந்த ஊரில் அவருக்கும் மனைவிக்கும் இருந்தது அவருடைய அண்ணன் மனைவியும் ஒரு பழைய வீடும் மட்டும்.

ஏற்றிய லட்சணம்

பீரோ, கட்டிலையெல்லாம் முதல் நாளே ஒரு லாரியில் அனுப்பியாகிவிட்டது. என் வேலை மூன்று சக்கர வண்டியும் அவர்கள் இருவரும்தான். மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு ஒரு பலகை, இதற்கு மூன்று சக்கரம் என்பதால் மூன்று பலகை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். வழுக்காமல் இருக்கப் பலகை மேல், மைன்ஸில் நிலக்கரி சுமந்து தேய்ந்த பழைய ரப்பர் கன்வேயர் பெல்ட் துண்டு விரித்தேன். எங்கள் பக்கம் கோழிக்கூண்டுக்குக்கூடக் கூரை அதுதான், நன்றாகப் பிடிக்கும்.

சக்கரங்களைப் பற்றி யோசித்தவன், சரிவு முடிந்து பிக்கப் தளம் தொடங்குகிற முனையைப் பற்றி யோசிக்கவில்லை. முன் சக்கரம் மேலே போய், பின் சக்கரம் கீழே இருக்கும்போது, நடுவில் இருக்கிற வயிறுதான் அந்த முனையில் தட்டும். தட்டியது.

ஷிப்ட் ஆட்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் குப்புசாமி. மைன்ஸில் கட்டடம் உயர மெஷின்களை நகர்த்திப் பழகியவர்கள் அவர்கள். அதனால் எதையும் தள்ளினால் நகரும் என்பதுதான் அவர்கள் எண்ணம். ஒரே மூச்சாகத் தள்ளினார்கள். கால் வைக்கிற கம்பி வளைந்ததுதான் மிச்சம். அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி, ஒருவழியாக வண்டியை மறுபடி தரைக்குக் கொண்டுவந்தோம்.

குப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மொத்தமாகத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம், பத்து பேர் இருக்கிறோமே என்றார். இன்னொருவர், பின் சக்கரத்தையும் அச்சையும் கழற்றித் தனியாக ஏற்றலாம் என்றார். எனக்கு இரண்டும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஞானராஜ் சார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இங்க நீங்க பத்து பேரு தூக்கிருவீங்க, குப்புசாமி. அங்க எறக்க யாரு இருக்கா?"

கழற்றினால் அங்கே மாட்டுவதற்கு ஆள் கிடையாது. அந்த வண்டியைச் செய்த வெல்டரும் காலமாகிவிட்டார். தூக்கி வைத்தால், தூக்கி இறக்க வேண்டும். ஆளில்லையென்றால் வண்டி என் பிக்கப்பிலேயே நெய்வேலி திரும்ப வேண்டியதுதான். நாங்கள் பத்துப் பேரும் ஏற்றுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனுஷன் படியில் நின்றபடி, ஷிப்ட் ஆட்கள் யாரும் வராத ஓர் ஊரின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் மனைவி ரோஸ்லின் அக்கா டீ டம்ளர்களை எடுத்துப்போக வந்தவர், எடுத்தவற்றை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இத்தன வருசத்துல இவுகள நான் ஒருநாளும் தூக்குனதில்ல, தம்பி. வண்டிய படியோட ஒட்டி நிறுத்துவேன். சீட்டும் படியும் ஒரே மட்டமா இருந்தா இவுகளே நகந்து உக்காந்துருவாக. இதுக்கும் அப்படி ஒரு எடம் பாருங்களேன்."

குப்புசாமி என்னைப் பார்த்தார். "பெஞ்சு பாக்கணும்யா. கெரவுண்டு மேடு இருக்குதே" என்றார். மைன்ஸில் படிப்படியாக வெட்டியிருக்கிற தட்டுகளுக்குப் பெஞ்ச் என்று பெயர். அங்கே கீழ்த்தட்டில் லாரியை நிறுத்தினால் மேல்தட்டு லாரியின் மட்டத்துக்கு வந்துவிடும். தினமும் அதைப் பார்க்கிற ஆட்களுக்கும் வாசலில் நிற்கும்போது தோன்றவில்லை. அக்கா சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் தோன்றியது.

பிளாக்கின் பின்னால் விளையாட்டுக் கிரவுண்டு. ரோட்டை விட இடுப்பளவு மேடு, ஓரத்தில் கல் கட்டியிருக்கும். மறுபக்கம் சரிவாக வழி உண்டு. நான் பிக்கப்பை ரிவர்ஸ் எடுத்து அந்தக் கல்கட்டோடு ஒட்டி நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து மேட்டின் மேல் படுக்கப் போட்டதும் பாலம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எடை ஏறினால் ஸ்பிரிங் அழுந்திப் பாடி இறங்கும், மறுபடி முனை உண்டாகும். அதனால் பின்னால் சேஸிஸுக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்தேன். பலகையும் பெல்ட்டும் மேலே விரித்தோம்.

ஞானராஜ் சார் வண்டியில் உட்கார்ந்து கிரவுண்டைச் சுற்றி வந்தார். முதல் கியரில், ஒரு கையும் படாமல், தானே ஓட்டிக்கொண்டு பிக்கப்புக்குள் போய் நின்றார். குப்புசாமி படுத்துக்கொண்டு அடியைப் பார்த்தார். "தட்டலீங்க" என்றார். அவ்வளவுதான், ஷிப்ட் மொத்தமும் கைதட்டியது. தூக்குவதற்காக வந்தவர்களுக்குக் கைதட்டுகிற வேலைதான் மிஞ்சியது.

கட்டும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஹேண்டிலில் கயிறு போட்டு இறுக்கக் கூடாது, ஆட்டத்தில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் கெட்டுவிடும். ஃபிரேமில்தான் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும்.

வழியில்

மறுநாள் விடியும்போது கிளம்பினோம். கேபினில் மூன்று பேர், ரோஸ்லின் அக்கா மடியில் கருவேப்பிலைக் கன்று. விருத்தாசலம் தாண்டியதும் சார் பேச்சுக்காகத்தான் என்னைக் கேட்டார், உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று.

"மைன்ஸுக்குள்ள இருக்குதுங்க சார்" என்றேன். "எங்க அப்பா காலத்துலயே ஊர மைன்ஸுக்கு எடுத்துட்டாங்க. வூடு இருந்த எடம் எதுன்னு இப்ப எனக்கே தெரியாது."

அவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ நான் இத்தன வருசமும் உங்க ஊருக்குத்தான் டியூட்டிக்கு வந்திருக்கேன்."

எனக்கு அதைக் கேட்டு வருத்தம் வரவில்லை. ஏதோ ஒட்டு உறவு கண்டுபிடித்தது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை இருவரும் ஓயாமல் பேசினோம். நடுவில் ஒருமுறை அவர் என்னைச் சார் என்றுகூடக் கூப்பிட்டுவிட்டார்.

இறக்கிய இடம்

ஊர் நெருங்க நெருங்க அவர் இடது பக்கம் பார்க்கிறார், நான் வலது பக்கம் பார்க்கிறேன். இருவரும் தேடியது ஒன்றைத்தான், ஒரு மேடு. செம்மண் காடும் பனையுமாக எல்லாம் ஒரே மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. வீடு வந்துவிட்டது. வாசலில் சாரின் அண்ணன் மனைவி மட்டும் நின்றார். தெருவில் வேறு ஆளில்லை. சார் சொன்னது அப்படியே உண்மை.

"வண்டிய நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் போங்க" என்றார் சார். தெரு முடிகிற இடத்தில் குளம். ரோடு கீழே, குளத்துக் கரை மேலே. சின்ன வயதில் அவரை அந்தக் கரையில்தான் கொண்டுபோய் உட்கார வைப்பார்களாம், மற்ற பிள்ளைகள் குளிப்பதைப் பார்க்க.

பிக்கப்பைக் கரையோடு ஒட்டி நிறுத்தினேன். ஜாக்கி, பின்கதவு, பலகை, பெல்ட். சார் ஊன்றுகோலோடு கரைச் சரிவில் ஏறி, பின்கதவு வழியாகப் பிக்கப்புக்குள் போய், வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். நானும் அக்காவும் முன்னால் நின்று தள்ளினோம். சமமான மட்டம் என்பதால் தள்ளுவண்டி மாதிரி பின்னால் போய்க் கரையில் நின்றது. நெய்வேலியில் பத்துப் பேருக்கு முடியாதது அங்கே எங்கள் இருவருக்கு முடிந்தது. அவர் வண்டியைக் கிளப்பி, கரை மேலேயே ஓட்டி, சரிவில் இறங்கி வீட்டுக்குப் போனார். பின்னால் அக்கா கன்றோடு நடந்தார். காலி பிக்கப்பின் பக்கத்தில் நின்று நான் அழுதுவிட்டேன், பார்க்கத்தான் ஆளில்லையே.

அன்றிலிருந்து யார் லோடுக்குக் கூப்பிட்டாலும், என்ன சாமான் என்று கேட்பதற்கு முன்னால், இறக்குகிற இடத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். மருமகனும் அப்படித்தான் கேட்கிறான். ஏற்றுவதற்கு நெய்வேலியில் எப்போதும் ஆள் உண்டு. இறக்குவதற்கு ஆளிருக்கிறதா என்று பார்த்து ஏற்றுவதுதான் தொழில்.

சில மாதம் கழித்து ஞானராஜ் சார் போன் செய்தார். வண்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடுது ராமலிங்கம். இங்க ஒரு ஸ்பீடு பிரேக்கர்கூடக் கெடையாது, நேரா போலாம்" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா கை அதுவா வளைக்குது. ஊருல எல்லாரும் கேக்கானுவ, ரோட்டுல ஒண்ணுமே இல்லியே, எதுக்கு வளைக்கிறீங்கன்னு."