வெறும் கூட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம்

நம்பினால் நம்புங்கள். இது ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊரில், பட்டப்பகலில், டெஸ்மண்ட் கியர்னிக்கு நிஜமாகவே நடந்தது. குடிப்பழக்கம் இல்லாத மனிதர். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிப்பவர். இப்போது சிரிப்பதில்லை.

அங்கே வீட்டை வாடகைக்கு விட்டாலும் சரி, விற்றாலும் சரி, ஒவ்வொரு படுக்கையறையிலும் புகை அலாரம் இருந்தாக வேண்டும். ஒன்று அலறினால் வீட்டிலுள்ள எல்லாமே சேர்ந்து அலற வேண்டும். அது சட்டம். டெஸ்மண்ட் தன் பழைய மரவீட்டை விற்கவிருந்தார். எலெக்ட்ரீஷியனோ மூன்று வாரம் கழித்துத்தான் வருவேன் என்றுவிட்டான். அதற்குள் வாங்க வந்தவர்கள் மனம் மாறிவிட்டால்? செத்துப்போன பழைய அலாரங்களை எடுத்தார். வயர், பேட்டரி எல்லாவற்றையும் பிடுங்கினார். வெறும் கூடுகளைக் கூரையில் ஒட்டினார். எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கிறது என்று கூசாமல் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"மனுஷங்க தூங்குற வீடுங்க இது. வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள் மனைவி நோரீன்.

"வர்றவங்க மாத்திக்குவாங்க. நீ சும்மா இரு."

வாங்குகிறவள் பெயர் கீலி. நிறைமாதக்காரி. சாவி கைக்கு வருமுன் கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்க வந்தாள். மதிய நேரம். வீடு காலி. கரண்டைக்கூடத் துண்டித்தாகிவிட்டது.

பின்பக்க அறையில் நின்று, "இங்கதான்ணே தொட்டில் போடப்போறோம்" என்றாள்.

டெஸ்மண்டுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிடலாமா...

அப்போதுதான் அது கேட்டது.

பீப்... பீப்... பீப்...

தலைக்கு மேலே. பிறகு பக்கத்து அறையில். பிறகு கூடத்தில். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அலறின.

கீலி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடேங்கப்பா, சூப்பரா வேலை செய்யுதே! சில பேரு பேருக்கு மாட்டி வெச்சிட்டு ஏமாத்திருவாங்க. நீங்க நல்ல மனுஷன்ணே."

அவருக்கு முகம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சத்தம் நின்றது.

அவள் கார் கிளம்பியதும் ஏணியில் ஏறினார். கூட்டைப் பிய்த்தெடுத்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

ஆனால் கூடு... சுட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

ஊரின் மறுகோடியில் அவருக்கு இன்னொரு வீடு உண்டு. வாடகைக்கு விட்டிருந்தார். பேசியது அதன் பக்கத்து வீட்டுக்காரி. அங்கே குடியிருந்த மெர்வின் ஒண்டிக்கட்டை. குளிருக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டு மதியம் தூங்கியிருக்கிறார். ஹீட்டரிலிருந்து தீ பிடித்திருக்கிறது. அந்த வீட்டுக் கூரையிலும் டெஸ்மண்ட் போன மாதம் இதே வெறும் கூடுகளைத்தான் ஒட்டியிருந்தார்.

"கொஞ்ச நேரம் முன்னாடி புகையைப் பார்த்துட்டுத்தான் ஓடுனோம். போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அவள் தேம்பினாள். "அலாரம் கத்தியிருந்தா மனுஷன் முழிச்சிருப்பாரே சார்! சுவத்துக்குச் சுவரு இருக்கேன்... எனக்கு ஒரு சின்னச் சத்தம்கூட கேக்கலையே?"